கிணற்றுக்குள் ஒரு ஜெர்மன் பென்சனியர்

1937 தை 19, செவ்வாய்

இன்றைக்கு இவர் என் கூழை நல்லாயிருக்கு என்று சொன்னார்.

அதுவும் இரண்டு தரம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. நண்டு குறைந்தால் ஒரு குறை, கூடினால் ஒரு குறை. பனங்கிழங்கு ஒடியல் மா காறுது, பழப்புளி தூக்குது, றால் நேற்றையது, இப்படி ஏதாவது ஒன்று. சொல்லிவிட்டுச் சட்டியை வழித்தும் குடிப்பார், அது வேறு கதை.

ஊரில் இவர் பெரிய மூக்குக்காரர். யாழ்ப்பாணம் பெரியகடையில் கிறிஸ்துநாயகம் முதலாளியின் சீமைச் சாமான் கடையில் இவருக்குச் சம்பளமே மூக்குக்குத்தான். கப்பலில் வரும் ஒயின், பிராந்தி, பியர் எல்லாவற்றையும் இவர் மணந்து பார்த்து, ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, "எடுக்கலாம்" என்பார், அல்லது "திருப்பி அனுப்புங்கோ" என்பார். முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். துரைமார் தங்கும் வாடிவீடுகளும் கிளப்புகளும் இவர் பெயரைச் சொல்லி, லியோன் சொன்னால் சரி என்று வாங்கும். கடையில் பழகிய பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் குசினியில் இறக்கியதுதான் நான் கண்ட சுகம்.

இன்றைக்கு என்ன வந்தது? மகளை மன்னாரில் கட்டிக்கொடுத்த பிறகு மனம் இளகிவிட்டதோ? பாலன் பிறந்த நத்தாருக்குப் பிடித்த சளித் தடிமன் இன்னும் தலைக்குள் நிற்கிறதோ?

நல்ல சொல் கேட்டு எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

தை 20, புதன்

நேற்றைய சூடை மீனைத் தெரிந்துகொண்டே குழம்பு வைத்தேன். பூனை தொடவில்லை. இவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தை 23, சனி

மத்தியானம் இவர் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தபோது, கருவாட்டுப் பானையை மெல்லக் கொண்டுபோய்க் கதிரைக்குப் பின்னால் திறந்து வைத்தேன். அசையவில்லை. முன்னால் கொண்டுவந்து வைத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். கடைசியில் பானையைத் தூக்கி மூக்குக்குக் கீழே பிடித்தேன்.

"என்னப்பா செய்யிறாய்?" என்று நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

"மூக்கு செத்துப்போச்சு, மரியம்."

நத்தார்த் தடிமனோடு போனதாம். உப்பு, புளி, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. "வாய்க்குள்ளை பஞ்சு வைச்ச மாதிரி" என்றார். அப்படியென்றால் கடையில் இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதலாளியின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்த மாதிரி இருந்தால் எடுக்கலாம் என்பாராம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

முதலாளியின் மருமகன் செல்வநாயகம் கொழும்பில் படித்துவிட்டு வந்து கடைக்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இது அவன் காதில் விழுந்தால் இவருடைய கதிரையில் அன்றைக்கே ஏறி இருந்துவிடுவான். "மூக்கில்லாத லியோனை வைச்சு முதலாளி என்ன செய்யிறது?" என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது, கருவாட்டைச் சாட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். ஞாயிறு தோறும் கூழைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விடுவது. அடிப்பிடித்த கூழ் என்றால் இவருக்குச் சென்மப் பகை. முன்பெல்லாம் வாசல் படலையில் வரும்போதே கத்துவார். என்றைக்குத் திரும்பக் கத்துகிறாரோ அன்றைக்கு மூக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதை இவருக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்னைச் சந்தோசப்படுத்த நடித்துக் கத்துவார்.

மாசி 3, புதன்

பிலாசியார் திருநாள். கோயிலில் எங்கள் பங்குச் சுவாமி இரண்டு மெழுகுதிரியைக் குறுக்கே பிடித்து எல்லோருடைய தொண்டையையும் ஆசீர்வதித்தார். இவருடைய முறை வந்ததும் இவர் முழங்காலை மடக்கி மூக்கை நீட்டினார். சுவாமி கையை இறக்கினார். இவர் தலையை இறக்கினார். சுவாமி இன்னும் இறக்க, இவர் இன்னும் இறக்க, இரண்டு பேரும் நிலத்துக்குப் போய்விடுவார்கள் போலிருந்தது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டு லூர்த்தம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

நொச்சி இலை ஆவி பிடித்தாயிற்று, உள்ளி சுட்டுக் கொடுத்தாயிற்று, மிளகு தட்டிப் போட்டாயிற்று. தும்மல் வருகிறது. மணம் வரவில்லை.

மாசி 7, ஞாயிறு

கூழ் நன்றாக அடிப்பிடித்தது. "அருமை" என்றார்.

மாசி 13, சனி

தவக்காலம் தொடங்கிய கிழமையே சோதனை வீட்டுக்குள் வந்துவிட்டது, சாக்கில் சுற்றிக்கொண்டு.

ஒரு ஜெர்மன் பியர். பில்சனர் என்று பெயர். பச்சைப் போத்தல். கொழும்பில் இருக்கும் வோகல் துரை என்கிற ஜெர்மன்காரர் இதை யாழ்ப்பாணம் முழுவதற்கும் விற்க எங்கள் முதலாளியைப் பிடித்திருக்கிறார். வேறொரு நாட்டுப் பியரும் போட்டிக்கு வந்திருக்கிறதாம். ஈஸ்டர் முடிய துரை கடல் குளிக்கக் காங்கேசன்துறை வாடிவீட்டுக்கு வருகிறார். அங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்து லியோன் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதற்கு முன்பு பழகிப்பார்க்க இந்தப் போத்தல்கள்.

"நீ மணந்து பார்த்துச் சொல்லு. நான் பாடமாக்குறன்" என்றார் இவர்.

நானோ? கொன்வென்டில் மதுவிலக்குச் சத்தியம் பண்ணி, அதற்கு அடையாளமாக நெஞ்சில் வெள்ளி ஊசி குத்திக்கொண்டவளோ? சொன்னேன்.

"அப்ப என்னெண்டு சத்தியம் பண்ணினனீ?"

"கள்ளும் சாராயமும் தொடமாட்டன் எண்டு."

"இது பியர்."

கோர்ட்டில் நிற்கும் பிரக்கிராசி கூட இப்படி வழக்குப் பேசமாட்டான். ஆனால் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த மனுசன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கதவைச் சாத்தினேன். கிளாசை எடுத்தேன்.

நிறம் நல்ல வடிவு, வெளிச்சத்தில் பிடித்தால் இளம் தேன் போல. ஆனால் கிளாசில் அரைவாசி நுரை. "கள்ளுத் தவறணையிலை இப்பிடி ஊத்தினால் அடிபாடு வந்திருக்கும்" என்றேன். கள்ளுக்கு நுரை என்றால் அளவில் கள்ளம். இதற்கு அப்படியில்லையாம், நுரைதான் மரியாதையாம், அது எவ்வளவு நேரம் நின்று பிடிக்கிறது என்றுதான் முதலில் பார்க்கவேண்டுமாம். பார்த்தேன். நின்றது. பிறகு ஒரு வாய் குடித்தேன்.

மாதாவே! பாவக்காயைப் பிழிந்து விட்ட தண்ணீர்! கிணற்றடிக்கு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன்.

"மணம்? மணம் என்ன?" என்று இவர் பின்னால் ஓடி வருகிறார்.

"ஜெர்மன்காரர் செய்த பாவம் மணக்குது!"

மாசி 20, சனி

சூட்டோடு குடித்தது பிழையாம். குளிர்ந்திருக்கவேண்டுமாம். எங்கள் கரையூரில் ஐசுக்கு எங்கே போவது? போத்தலைப் பன்புல் கூடையில் வைத்துக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டேன். பின்னேரம் தூக்கியபோது போத்தல் நல்ல குளிர். லேபல் மட்டும் கழன்று போய்த் தண்ணீர் அள்ளும் வாளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு போத்தல்தானே, பெயர் போனாலும் ஆளைத் தெரியாதோ?

இன்றைக்கு ஓடவில்லை. கசப்பு வந்தது, ஆனால் வந்த வேகத்தில் வாயைக் கழுவித் துடைத்துவிட்டுப் போய்விட்டது. போன பிறகு இன்னொரு மிடறு கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தேன்.

அடியில் பாண் தோல் மணம் இருக்கிறது, பேக்கரியில் போறணை திறக்கும்போது வருகிற மணம். அது தெரிகிறது. மேலே இன்னொரு மணம் நிற்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். எங்கே, எப்போது என்று பிடிபடவில்லை. இவர் எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூ மாதிரி" என்றேன். "என்ன பூ?" என்றார். "தெரியேல்லை" என்றேன். முகம் வாடிவிட்டது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி இவரை எப்படி அந்தத் துரைக்கு முன்னால் அனுப்புவேன்?

மாசி 24, புதன்

சட்டி மினுக்கும்போது வேலிக்கு மேலாக லூர்த்தம்மாவின் தலை.

"அக்கா, உங்கடை வீட்டிலை ஆரோ ஜெர்மன் பென்சனியர் வந்து நிக்கிறாராம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சனிக்கிழமை குசினியில் நின்றுகொண்டு இவருக்குக் கேட்க "பில்சனரைக் கிணத்துக்குள்ளை விட்டிட்டன்" என்று கத்தினேன் அல்லவா? அதற்கு முந்திய சனி கிணற்றடியில் ஜெர்மன்காரர் என்றும் கத்தினேன். கிடுகு வேலிக்குக் காது உண்டு. ஊர் முழுக்க மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த பென்சனியர்மார். அவளுக்கு வேறு எந்தச் சொல் கேட்கும்?

பியர் என்று உண்மையைச் சொன்னால் பின்னேரத்துக்குள் கோயில் வரைக்கும் போய்விடும். அதோடு இவருடைய மூக்குக் கதையும் வெளியே வரும். வாய் தானாக "ஓம்" என்றது.

"வயசானவரோ?"

"கொஞ்சம் பழசுதான்."

"ஏனக்கா கிணத்துக்குள்ளை விடுறியள்?"

"சூடு தாங்கமாட்டாராம்."

"பாவம். வெளியிலை காணேல்லையே?"

"கூச்சக்காரர்."

சட்டியை அரைகுறையாக விட்டுவிட்டு உள்ளே வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பங்குனி 6, சனி

பாவசங்கீர்த்தனம். எங்கள் சுவாமி பிரெஞ்சுக்காரர், ஊர் ஜெர்மன் எல்லைப் பக்கமாம். தமிழை எங்களைவிடத் திருத்தமாகப் பேசுவார்.

"பியர் குடித்தேன், சுவாமி."

"ஏன் மகளே?"

"என் புருசனுக்கு மூக்கில்லை."

பொய் சொன்னதையும் சொன்னேன், வீட்டில் ஒரு ஜெர்மன் பென்சனியர் நிற்கிறார் என்று. "ஓ," என்றார் சுவாமி, "அவருக்கு மரண அவஸ்தைத் தைலம் பூசவேண்டி வருமோ என்று என்னிடம் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்." லூர்த்தம்மாதான், வேறு ஆர்! முழுக் கதையையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருமலோ சிரிப்போ, பிரித்துச் சொல்லமுடியாத ஒரு சத்தம்.

பொய்க்கு ஒரு செபமாலை. பியருக்கு ஒன்றுமில்லை. நான் எழும்பும்போது மெல்லக் கேட்டார்:

"நுரை நின்று பிடிக்கிறதா?"

பங்குனி 16, செவ்வாய்

பிடித்துவிட்டேன்!

விடிய முற்றம் கூட்டினேன். வேம்பு பூத்துக் கொட்டிக் கிடக்கிறது. வடகத்துக்கு ஆகுமே என்று ஒரு கை அள்ளினேன். அள்ளிய கை மூக்குக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். பிறகு விளக்குமாற்றோடு உள்ளே ஓடினேன். இவர் முகத்தில் சவுக்காரத்தோடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

"வேப்பம்பூ! அது வேப்பம்பூ!"

போத்தலைத் திறந்து இந்தக் கையில் பூவும் அந்தக் கையில் கிளாசுமாக மாறி மாறி மணந்தேன். அண்ணன் தம்பி. இரட்டையர் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வாயில் கசப்பு, மூக்கில் இனிப்பு, இரண்டும் சண்டை பிடிக்காமல். இவர் சவுக்காரத்தோடு கடைப் புத்தகத்தைப் புரட்டினார். "ஹொப்ஸ் எண்டு ஒரு பூவைத்தான் போடுறவையாம்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு கடைக்குப் போகும்வரை "வேப்பம்பூ, வேப்பம்பூ" என்று மந்திரம் படிக்கும் சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

நத்தாருக்குப் பிறகு இந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என் மூக்கைக் கழற்றிக் கொடுக்கலாம் என்றால் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பங்குனி 28, உயிர்த்த ஞாயிறு

கூழ் அடிப்பிடித்தது. "அருமை" என்றார். எல்லாம் உயிர்த்தது, இவருடைய மூக்கைத் தவிர.

சித்திரை 3, சனி

கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு காங்கேசன்துறை ரயிலுக்குப் போயிருக்கிறார். முதலாளியும் செல்வநாயகமும் கூட. நான் சொல்லிக்கொடுத்தவை: நுரை நிற்கும். கசப்பு கழுவிவிட்டுப் போகும். அடியில் பாண் தோல். மேலே வேப்பம்பூ. போத்தலில் லேபல் இருக்கும், எது எது என்று பார்த்துக்கொண்டு அதற்குத் தக்கமாதிரிச் சொன்னால் போதும்.

என்னால் ஒரு வேலையும் செய்யமுடியவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேனோ இல்லையோ தெரியவில்லை.

சித்திரை 4, ஞாயிறு

நேற்று இரவு இவர் வந்த பிறகு எழுத மனம் வரவில்லை.

ரயிலில் போன ஐஸ் போய்ச் சேரும்போது ஈரச் சாக்காக இருந்ததாம். என்ன செய்வது என்று எல்லோரும் நிற்க, இவர் பெரிய கெட்டிக்காரர் மாதிரி, "கிணத்துக்குள்ளை விடுவம். எங்கடை வீட்டிலை அப்பிடித்தான்" என்றாராம். இரண்டு நாட்டுப் பியரையும் ஒரே கூடையில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். இரண்டும் பச்சைப் போத்தல்! தூக்கிப் பார்த்தால் எல்லாம் மொட்டைப் போத்தல். லேபல்கள் கிணற்றில் மிதக்கின்றன.

ஏன், ஏன் எனக்கு அது நினைவு வரவில்லை? லேபல் வாளியில் ஒட்டியதை என் கண்ணால் பார்த்தேனே!

முதலாளி தலையில் கை வைத்தாராம். வோகல் துரை மட்டும் சிரித்தாராம். "நல்லது. மிஸ்டர் லியோன் இருக்கிறார். பெயர் இல்லாமலே சொல்லட்டும்."

இரண்டு கிளாஸ். ஒரே நிறம். ஒரே நுரை. பயத்தில் நாக்கு வறண்டு இரண்டும் ஒரே கசப்பாம். இவர் ஒன்றைத் தூக்கி, வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்க "வேப்பம்பூ" என்றாராம். துரை அதை வாங்கி மணந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். மற்றதை மணந்தார். மற்றதுதான் ஜெர்மன்.

செல்வநாயகம் பல்லைக் காட்டியிருக்கிறான்.

தடுமாறிவிட்டது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இவர் சொல்லவில்லை. கிளாசை வைத்துவிட்டு, "எனக்கு மூக்கில்லை, துரை. நத்தார் தொடக்கம் இல்லை. வேப்பம்பூ எண்டு கண்டுபிடிச்சது நானில்லை. என்ரை மனுசி" என்றாராம்.

வேப்பம்பூ என்றால் என்ன என்று துரை கேட்க, மதிலோடு நின்ற வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்திருக்கிறார். துரை பூவை மணந்தாராம், கிளாசை மணந்தாராம், திரும்பப் பூவை, திரும்பக் கிளாசை. பிறகு எழும்பி நின்று தன் பாஷையில் ஏதோ சொன்னாராம். கடைசியில் "உங்கள் மனைவிக்கு என் வணக்கம்" என்றாராம். முதலாளி வணக்கம் சொல்லவில்லை. "திங்கக்கிழமை வரவேண்டாம்" என்றார். திரும்பி வரும்போது வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாராம்.

இவர் சொல்லி முடிக்க நான் அழுதேன். கோபம், லேபல் மேல், முதலாளி மேல், கிணறு மேல். ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும்: உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. வேலை போகிற நேரத்தில் என் கெட்டித்தனத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல், நாலு பேருக்கு முன்னால் "என்ரை மனுசி" என்றிருக்கிறார்.

சித்திரை 7, புதன்

வீட்டில் இருக்கிறார். லாம்புச் சிமினியைத் துடைத்ததையே துடைக்கிறார். மத்தியானம் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாயிருக்கு, மரியம்" என்றார்.

"ஐயோ, ஏதாவது ஒரு குறை சொல்லுங்கோவன்!" என்று கத்திவிட்டேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றார். உப்பு அளவாகத்தான் இருந்தது. எனக்காகச் சொன்னார்.

சித்திரை 10, சனி

முதலாளி வந்தார்! கூடையோடு!

கதிரையில் இருந்து முதலில் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு மன்னாரில் மகள் சுகமோ என்றார். பிறகு கூடையைப் பார்த்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, நான் கோவத்திலை கதைச்சுப்போட்டன்," என்றார் கதவைப் பார்த்து.

செல்வநாயகம் எல்லாப் போத்தலையும் மணந்து எல்லாம் நல்லது என்றானாம். துரை கொழும்புக்குப் போகும்போது, எல்லாம் நல்லதென்று சொல்லும் மூக்கை நம்பித் தன்னால் சாமான் அனுப்ப முடியாது என்றுவிட்டாராம். மனுசனுக்கு வேறு வழி இல்லை, அதுதான் மழையைப் பற்றிக் கதைத்தது.

மூன்று மொட்டைப் போத்தல். எங்கள் கிணற்றில் இறக்கிக் குளிர வைத்து, இவர் ஊற்றி, கதவிடுக்கால் நீட்டினார்.

முதலாவது: "இது மற்ற நாடு. கசப்பு, நாளைக்குப் போறன், நாளைக்குப் போறன் எண்டு நிக்கிற விருந்தாளி மாதிரி, போகுதில்லை. பூவும் இல்லை."

இரண்டாவது: "இது எங்கடை பென்சனியர்." முதலாளிக்கு விளங்கவில்லை, இவர் இருமினார்.

மூன்றாவதை மூக்குக்குக் கொண்டுபோனேன், தலை தானாகப் பின்னால் போனது. "மரநாய்!"

"என்ன தங்கச்சி?"

"கூரைக்குள்ளை மரநாய் போன மணம். ஆனா உள்ளுக்குப் பாண் தோலும் இருக்கு, பூவும் இருந்த அடையாளம் இருக்கு. இதுவும் ஜெர்மன்தான். எங்கையோ வைச்சுக் கெடுத்திருக்கு. வெயிலிலை நிண்டதோ?"

முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டு உண்மையைச் சொன்னார். தவக்காலம் முழுக்க அந்தப் போத்தல் கடை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றிருக்கிறது, வருவோர் போவோர் பார்க்க. செல்வநாயகத்தின் யோசனை. "பச்சைப் போத்தலுக்கு வெயில் ஆகாது எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் இவர், முதல் முறையாக நிமிர்ந்து இருந்துகொண்டு.

"அப்ப தீர்ப்பு?" என்று கேட்டார் முதலாளி.

"ஜெர்மனை எடுங்கோ. இருட்டுக்குள்ளை வையுங்கோ. திங்கக்கிழமை இவரை வரச்சொல்லுங்கோ."

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஊருக்கு என்ன சொல்வது என்று முதலாளி முனகினார். லியோனின் மூக்கு என்றே இருக்கட்டும் என்றேன் நான். "இல்லை," என்றார் இவர். "நான் பொய் சொல்லி ஒருக்கா வாங்கிக் கட்டினது காணும். வீட்டிலை கேட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லுவன்."

வைகாசி 22, சனி

சொல்லுகிறார். யார் என்ன கேட்டாலும் "வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்." கிளப்பில் இப்போது அது பகிடியாகிவிட்டதாம். ஒருவர் சீட்டு விளையாட்டில் எந்தத் தாளை இறக்குவது என்று தெரியாமல் நின்றால் மற்றவர்கள் "வீட்டிலை கேட்டுச் சொல்லுமன்" என்கிறார்களாம்.

போன கிழமை ஒரு பிராந்தி வந்தது. மூட்டைப்பூச்சி நசித்த மணம் என்றேன். "அப்ப அது நல்ல பிராந்தி" என்றார். சீமைக்காரரின் ருசியைக் கர்த்தர்தான் மன்னிக்கவேண்டும்.

லூர்த்தம்மா கேட்டாள், பென்சனியர் போய்விட்டாரோ என்று. போய்ப் போய் வருவார் என்றேன்.

ஒன்று எழுதவேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. சாக்கைப் பிரிக்கும்போது ஒரு சந்தோசம் வருகிறது. இவருடைய மூக்குத் திரும்பி வந்தால் என் மூக்கை யார் கேட்பார்கள் என்று இன்றைக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கப்படுகிறேன். நாளைக்கு ஞாயிறு. கூழைக் கொஞ்சம் கூடவே அடிப்பிடிக்க விடுவேன்.

ஆனி 20, ஞாயிறு

"அருமை."

ஆடி 25, ஞாயிறு

யாகப்பர் திருநாள். பூசை, சுற்றுப்பிரகாரம் எல்லாம் முடிந்து, இவர் ஒழுங்கையில் நின்று ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் கூழை அடுப்பில் வைத்து, மாவைக் கரைத்து விட்டு, அகப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பலகையில் இருந்தேன். எல்லா ஞாயிறும் போலத்தான். ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை.

"மரியம்! கூழ் அடிப்பிடிக்குது!"

படலைக்கு வெளியே இருந்து. படலைக்கு வெளியே இருந்து!

ஓடி வந்து குசினி வாசலில் நின்றார். மூக்கு விடைத்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கிறார், சட்டியைப் பார்க்கிறார். தான் என்ன சொன்னார் என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது போல.

"திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன்.

"அடிப்பிடிச்சு மணக்குது. நித்திரையோ உனக்கு? ஒடியல் மாவும் காறல். உந்த நண்டு ஆர் தந்தது? இப்பிடியே இவ்வளவு நாளும் எனக்குத் தந்தனீயோ?"

சொல்லிக்கொண்டே போனார். ஏழு மாசக் குறையையும் சேர்த்துச் சொன்னார். நான் பலகையில் இருந்தபடி அழுதேன், சிரித்தேன். அடுப்பை அணைக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று இருந்தேன்.

அதன்பிறகு ஒரு பொருளை விடவில்லை. கருவாட்டுப் பானையை மணந்தார். போட்டிருந்த சேட்டில் நின்ற சாம்பிராணியை மணந்தார். என் தலையை மணந்துவிட்டு "எண்ணெய் பழசு" என்றார். கடைசியில் கிணற்றடிக்குப் போய் முதலாளி புதிதாக அனுப்பிய பில்சனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊற்றி, நுரை நிற்கும்வரை பார்த்து, மூக்கை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வேப்பம்பூதான், மரியம்."

ஊர் முழுக்க விற்ற சொல்லை இன்றைக்குத்தான் மணக்கிறார். பிறகு கிளாசை என் பக்கம் தள்ளினார். "நீ பார்த்துச் சொல்லு. முதலாளி உன்னைத்தான் கேப்பார்."

பார்த்தேன். "இந்த முறை பூக் கொஞ்சம் குறைவு."

"குறைவோ? எங்கை குறைவு?" என்று பிடுங்கித் திரும்ப மணந்தார். இல்லை என்றார். ஓம் என்றேன். சத்தம் கேட்டு லூர்த்தம்மா படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அழுத முகத்தோடு நாங்கள் இரண்டு பேரும், நடுவில் பச்சைப் போத்தல். அவள் போத்தலைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா... உவர்தானோ பென்சனியர்?"

"ஓம்" என்றேன். இந்த முறை பொய்யில்லை. அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். கிணற்றடிக்கு ஓடினாள்.

கூழ் முழுவதையும் அவளுடைய நாய்க்கு ஊற்றினோம். அதுவும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.